கிறிஸ்துமஸ் இரவும் பேய்க்கதைகளும்

கிறிஸ்து பிறந்த நாளின் மகிழ்ச்சிக்கும் மாண்டோர் ஆவிக்கும் என்ன உறவு என்னும் ஐயம் எவருக்கும் எழும். ஆயினும் இங்கிலாந்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் ஒரே கணப்பின் அருகே அமர்ந்திருந்தன. டிசம்பர்த் திங்களில் அங்கே பிற்பகல் நான்கு மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். நீண்ட இரவைக் கழிக்க ஒருவர் கதை சொல்ல, ஏனையோர் நெருங்கி அமர்ந்து கேட்பர். பனிக்காலத்திற்கு ஏற்றது அச்சம் தரும் கதையே என்னும் எண்ணம் ஷேக்ஸ்பியர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. அவருடைய 'குளிர்காலக் கதை' நாடகத்தில் ஒரு சிறுவன் அவ்வாறு கூறியே தன் தாய்க்குப் பேய்க்கதை சொல்லத் தொடங்குகிறான்.

வாய்மொழியாய் வழங்கிய இம்மரபு அச்சேறிப் பரவியதில் பெரும்பங்கு சார்லஸ் டிக்கன்ஸைச் சாரும். 1843-ஆம் ஆண்டில், தொழிற்கூடங்களில் உழைத்த சிறுவர்தம் அவலத்தை விளக்கும் அரசு ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதனைப் படித்து நெஞ்சுலைந்த டிக்கன்ஸ், ஏழைக் குழந்தைகளுக்காக வாதிடும் சிறு வெளியீடு ஒன்றை எழுத எண்ணினார். சில நாள்களில் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டு, அதனினும் பன்மடங்கு வலிய அடியை ஆண்டிறுதியில் தருவதாக ஆணைக்குழு உறுப்பினர் ஒருவருக்கு எழுதினார்.

அந்த அடிதான் 'கிறிஸ்துமஸ் கரோல்'. டிசம்பர் 19-இல் வெளிவந்த அந்நூலின் ஆறாயிரம் படிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. அதில் வரும் ஆவி பணப்பெட்டிகளைக் கோத்த சங்கிலியை இழுத்து வருகிறது. மற்றோர் ஆவி தன் அங்கியை விலக்கி, மெலிந்த இரு குழந்தைகளைக் காட்டுகிறது. அறியாமை, வறுமை என்பன அவற்றின் பெயர்கள். வாசகர் அஞ்ச வேண்டியது ஆவியை அன்று, அக்குழந்தைகளை அந்நிலைக்கு ஆளாக்கிய தம் பாராமுகத்தையே.

பின்னர் டிக்கன்ஸ் தம் வார இதழ்களின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்களில் இம்மரபைத் தொடர்ந்தார். 1852-இல் எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'முதிய செவிலியின் கதை' அவற்றுள் ஒன்றில் வந்தது. 1865-இல் ரயில் விபத்தொன்றில் உயிர் தப்பிய டிக்கன்ஸ், மறு ஆண்டுச் சிறப்பிதழில் இருப்புப்பாதைக் காவலன் ஒருவன் காணும் ஆவியைப் படைத்தார். 1891-இல் ஜெரோம் கே. ஜெரோம் நகையாடி நூல் எழுதும் அளவுக்கு இவ்வழக்கம் பெருகியிருந்தது.

அச்சில் வளர்ந்த கதை மீண்டும் செவிக்கே திரும்பியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எம். ஆர். ஜேம்ஸ், கிறிஸ்துமஸ் காலத்தில் புதிதாய் எழுதிய கதையை ஒற்றை மெழுகுவத்தி ஒளியில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவார். அவர் கதைகள் 1904-இல் நூலாயின, 1970-களில் பி.பி.சி. தொலைக்காட்சியின் கிறிஸ்துமஸ் படங்களாயின. நூலும் திரையும் வந்த பின்னரும், இருளில் ஒரு குரலும் அதைச் சூழ்ந்த சில செவிகளுமே இம்மரபின் உயிர்நிலை.