கழற்றிப் பார்க்க முடிந்த பெட்டி

எலக்ட்ரிக் கிட்டாரின் ஓசையை உருவாக்கியது யார் என்று கேட்டால் முதலில் வாசித்தவர்களின் பெயர்கள் வரும். அடுத்து ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் என்று கம்பெனிகளின் பெயர்கள் வரும். ரிப்பேர் மேசையில் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்திருந்தவர்களை யாரும் எளிதில் நினைப்பதில்லை. ஆனால் 1940களிலிருந்து 1980கள் வரை கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் நிகழ்ந்த பெரிய மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால், அவற்றில் பல அந்த மேசையில்தான் பிறந்திருக்கின்றன. இதற்கு அடிப்படைக் காரணம் வால்வு என்ற வெற்றிடக் குழாயின் பலவீனம் என்பது என் கருத்து. வால்வு தேயும் பொருள். உள்ளே சூடேறும் கேதோடு எலக்ட்ரான்களை உமிழ்ந்து உமிழ்ந்து சில ஆயிரம் மணி நேரத்தில் சோர்ந்துவிடும். முழுச் சத்தத்தில் மேடை மேடையாக வாசிப்பவரின் பவர் வால்வுகள் ஓரிரு ஆண்டுகூடத் தாங்காமல் போகலாம். அதனால் வால்வைப் பற்றவைத்து மூடாமல் சாக்கெட்டில் செருகினார்கள். பெட்டியின் பின்பக்கத்தைத் திறக்கும்படி வைத்தார்கள். 1950களில் அமெரிக்க மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் இயந்திரம் நின்றது. வீட்டு ரேடியோவிலிருந்து வால்வை உருவிக்கொண்டு போய்ச் சோதித்து, கெட்டிருந்தால் புதிது வாங்கி வந்து செருகிக்கொள்வது சாதாரண வழக்கம். அடிக்கடி திறக்கவேண்டியிருந்த பெட்டியைத் திறந்தவர்கள், உள்ளே இருந்ததைப் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டவர்கள் மாற்றவும் துணிந்தார்கள்.

லியோ ஃபெண்டரிடமிருந்தே தொடங்கலாம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் 1938இல் அவர் வைத்தது ரேடியோ ரிப்பேர் கடை. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1945இல் டாக் காஃப்மனோடு சேர்ந்து சிறிய அளவில் ஸ்டீல் கிட்டார்களும் ஆம்ப்களும் செய்து, 1946இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அவருடைய சர்க்யூட்டுகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, ஆர்.சி.ஏ போன்ற வால்வு கம்பெனிகள் தங்கள் கையேடுகளில் அச்சிட்ட மாதிரிச் சர்க்யூட்டுகளின் உறவினர்கள்தான். அப்படியானால் பெருமை ஆர்.சி.ஏ பொறியாளர்களுக்கல்லவா என்று கேட்கலாம். அடிப்படைக் கோட்பாட்டுக்கு உரிய பெருமை அவர்களுக்கே. ஆனால் எது மேடையில் உடையும், எது வேனில் குலுங்கிக் கழன்றுபோகும், எதை ஊர்ப்பக்கத்து மெக்கானிக் அரைமணி நேரத்தில் சரிசெய்யவேண்டியிருக்கும் என்பதை ரிப்பேர்காரர் அறிந்த அளவுக்குக் கையேடு எழுதியவர் அறிந்திருக்கவில்லை. ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் ஃபைபர் பலகையில் வரிசையாக நிற்கும் ஃபெண்டர் அமைப்பும், எந்த வால்வு எந்த சாக்கெட்டில் என்று அச்சிட்டுப் பெட்டிக்குள் ஒட்டிய காகிதமும் அந்த அறிவின் விளைவுகள். 1952இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு வந்த பாஸ்மேன் ஆம்ப், சில ஆண்டுகளிலேயே 10 அங்குல ஸ்பீக்கர் நான்கோடு வேறொரு ஆளாக மாறியிருந்தது. அதன் சர்க்யூட் எண்களே கதை சொல்கின்றன. 5பி6 எனத் தொடங்கி, 5டி6, 5இ6, 5எஃப்6 என்று நகர்ந்து, 1950களின் கடைசியில் 5எஃப்6-ஏ என்று நின்றது. முதல் எண் பத்தாண்டைக் குறிக்கும். நடுவிலுள்ள எழுத்து திருத்தத்தின் படி. இன்று ‘அசல்’ என்று போற்றப்படும் ஆம்ப், தன் தயாரிப்பாளராலேயே திரும்பத் திரும்பத் திருத்தப்பட்ட ஒன்று.

அந்த 5எஃப்6-ஏ அட்லாண்டிக்கைக் கடந்தபோது நடந்தது இன்னும் முக்கியமானது. லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை நடத்திய ஜிம் மார்ஷலிடம் கிட்டார் வாசிப்பவர்களும் வரத் தொடங்கினார்கள். அவர்கள் விரும்பிய அமெரிக்க ஆம்ப்கள் இறக்குமதியில் விலை எகிறி நின்றன. கடையின் ரிப்பேர்காரர் கென் பிரானும், இ.எம்.ஐ நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் டட்லி கிரேவனும் 1962இல் பாஸ்மேனைப் பார்த்து ஒன்று செய்தார்கள். அதுதான் ஜே.டி.எம்.45. வரைபடம் ஏறக்குறைய அதே. பாகங்கள் இங்கிலாந்தில் கிடைத்தவை. ஃபெண்டர் முதல் கட்டத்தில் வைத்த 12ஏ.ஒய்.7 வால்வின் பெருக்கம் சுமார் 44. மார்ஷலில் அந்த இடத்துக்கு வந்த இ.சி.சி.83இன் பெருக்கம் சுமார் 100. பவர் வால்வாகச் சில காலத்தில் கே.டி.66 வந்தது, 1960களின் நடுவில் இ.எல்.34 வந்தது. திறந்த பெட்டியில் இருந்த 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதில் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் நான்கு. ஒவ்வொன்றும் சிறிய மாற்றம். எல்லாம் சேர்ந்தபோது ஓசை முன்னதாகவே கரகரக்க ஆரம்பித்தது. ராக் இசை என்று உலகம் அடையாளம் காணும் கிட்டார் ஓசையின் பெரும்பகுதி அந்தக் கரகரப்பிலிருந்து வளர்ந்தது. இதைக் காப்பி என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. காப்பிதான், ஆனால் காப்பியடிப்பவர் கையில் இருக்கும் பாகத்தை வைத்து வேலையை முடிக்கிறார். அங்கேதான் புதுமை நுழைகிறது.

பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவே தெளிவான வேலி இல்லாததையும் இதே இடத்தில் பார்க்கலாம். ஆம்ப் உறுமுகிறது என்று ஒருவர் கொண்டுவருகிறார். அமெரிக்க மின்சாரத்தில் அந்த உறுமல் 120 ஹெர்ட்ஸில் இருந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம்; 60 ஹெர்ட்ஸில் இருந்தால் ஹீட்டர் வயரையோ எர்த் இணைப்பையோ தேடவேண்டும். ரிப்பேர்காரர் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வால்வாக உருவிப் பார்ப்பார். எதை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ, பழுது அந்த வால்விலோ அதற்கு முந்திய கட்டத்திலோ இருக்கிறது. மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். சால்டர் விட்டுப்போன இடமும், மணிபோல் ஒலிக்கும் வால்வும் தாமே காட்டிக்கொடுக்கும். பவர் வால்வின் தகடு சிவந்து கனன்றால், முந்திய கட்டத்தின் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து, கிரிட்டுக்கு வரக்கூடாத நேர் மின்னழுத்தம் வந்துவிட்டதா என்று மீட்டரை வைத்துப் பார்ப்பார். இத்தனைக்கும் முன்னால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டு, வடிந்துவிட்டதா என்று அளந்தும் பார்ப்பார். இதைச் செய்யாமல் கைவைத்தவர்கள் உயிரை இழக்கக்கூடும். கசிந்த கெபாசிட்டரைக் கழற்றிவிட்டார். அதே மதிப்பில் மாற்று கிடைக்கவில்லை. 0.022 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.1 வைத்தால் ஆம்ப் வேலை செய்யும், கூடவே தாழ்ந்த சுரங்கள் கனத்துவிடும். இது பழுதுபார்ப்பா, மாற்றமா? கேட்பவர் ‘நன்றாக இருக்கிறதே’ என்று சொன்ன நொடியில் அது மாற்றமாகிவிடுகிறது. 1965இல் ஜாக் டார் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்புக்கென்றே புத்தகம் எழுதும் அளவுக்கு இந்தத் தொழில் அமெரிக்காவில் வளர்ந்திருந்தது.

கம்பெனிகளும் இந்த மேசையிலிருந்து வெட்கமின்றிக் கற்றுக்கொண்டன. அது அவர்களுக்குப் பெருமையே. டார்ட்ஃபர்டில் தயாரான வாக்ஸ் ஏ.சி.30 ஆம்புக்கு, உயர்ந்த சுரங்களைக் கூட்டும் ‘டாப் பூஸ்ட்’ முதலில் பின்பக்கத்தில் பொருத்திக்கொள்ளும் தனிப் பலகையாக வந்தது. கேட்டவர்கள் பெருகியதும் தொழிற்சாலையே அதை உள்ளே கட்டிக் கொடுத்தது; இன்று அந்தத் துணைப்பாகம் இல்லாத ஏ.சி.30தான் விதிவிலக்கு. கலிஃபோர்னியாவின் ராண்டல் ஸ்மித் 12 வாட் ஃபெண்டர் பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பாஸ்மேனின் டிரான்ஸ்ஃபார்மரையும் 12 அங்குல ஜே.பி.எல் ஸ்பீக்கரையும் அடைத்தார். அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா சொன்ன ஒரு பாராட்டுச் சொல்லிலிருந்துதான் ‘பூகி’ என்ற பெயர் வந்தது. பிறகு ஸ்மித் பெருக்கக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, நடுவே தனித்தனி வால்யூம் கட்டுப்பாடுகள் வைத்து, குறைந்த சத்தத்திலும் கரகரப்பு கிடைக்கும்படி செய்தார். 1970களில் இப்படிப்பட்ட ‘மாஸ்டர் வால்யூம்’ கட்டுப்பாட்டுக்காகப் பலர் பழைய மார்ஷல்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். 1975இல் மார்ஷலே மாஸ்டர் வால்யூமோடு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒருவர் மறுக்கலாம்: கரகரப்பைக் கண்டுபிடித்தவர்கள் வாசித்தவர்களே. லிங்க் ரே 1958இல் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் பிளேடால் கோனைக் கீறினார். எடி வான் ஹேலன் வேரியாக் வைத்து ஆம்புக்குப் போகும் மின்னழுத்தத்தையே குறைத்தார். உண்மைதான். வேட்கை அவர்களுடையது, காதும் அவர்களுடையது. ஆனால் கிழிந்த கோன் அடுத்த மாதம் முழுதாகக் கிழிந்துவிடும். அந்த ஓசையை நம்பகமாக, இரவுக்கு இரவு, வேறொருவருக்கும் கிடைக்கும்படி செய்தது மேசையில் இருந்தவர்.

இதைவிடக் கனமான மறுப்பு சேகரிப்பாளர்களுடையது. எத்தனையோ நல்ல ஆம்ப்கள் அரைகுறைக் கைகளால் துளையிடப்பட்டு, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து பாழாயின. எனவே தொடாமல் வைப்பதே நாகரிகம் என்கிறார்கள். பாழானது உண்மை, அந்த இழப்பை நானும் இழப்பாகவே கருதுகிறேன். ஆனால் ‘தொழிற்சாலையிலிருந்து வந்தபடி’ என்பதை இறுதி அளவுகோலாக்க முடியாது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ் ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வெள்ளி முகப்போடு வந்த ஆம்ப்கள் பலவற்றில், ஓசை சுத்தமாக இருக்கவேண்டும் என்று பொறியாளர்கள் சர்க்யூட்டை மாற்றினார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தில் கரகரப்பு குறைபாடு. வாசித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பல ஆண்டுகளாக ரிப்பேர்காரர்கள் அந்த ஆம்ப்களை முந்தைய கறுப்பு முகப்புக் காலத்துச் சர்க்யூட்டுக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மாற்றியது தொழிற்சாலை, காப்பாற்றியது மேசை. பாழாக்கும் கைகளுக்கு மருந்தும் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது: முதலில் பழுதை நீக்கு, பிறகு மாற்று, புதுத் துளை போடாதே, கழற்றிய பாகத்தை எறியாதே.

அமெரிக்க ஆம்ப் தயாரிப்பாளர் ஹோவர்ட் அலெக்சாண்டர் டம்பிள் தன் ஆம்ப்களின் உட்பகுதியை எபாக்சி ஊற்றி மூடினார். உழைப்பு திருட்டுப்போகாமல் காக்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் ஆம்ப்களின் ஓசையைக் குறைசொல்பவரும் அரிது. ஆனால் ஃபெண்டர் பாஸ்மேனை எபாக்சியில் மூழ்கடித்திருந்தால் மார்ஷல் பிறந்திருக்காது; அந்த வழியில் வளர்ந்த எதுவும் இவ்வளவு எளிதாக வந்திருக்காது. மென்பொருளே வால்வின் ஓசையை அச்சு அசலாகத் தந்துவிடும்போது இந்தக் கவலை எதற்கு என்பார்கள். அந்த மென்பொருள்கள் நகலெடுப்பவை பெரும்பாலும் மேசையில் மாற்றப்பட்ட ஆம்ப்களும் அவற்றின் வாரிசுகளுமே. புதிதாக மாற்ற யாருமில்லாத நாளில் நகலெடுக்கவும் புதிதாக ஒன்றும் இருக்காது.

இன்று கிட்டார் ஆம்ப்களுக்கான வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியா, சீனா என்று மிகச் சில இடங்களிலிருந்தே வருகின்றன; 2022இல் ரஷ்ய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது கடைகளில் தட்டுப்பாடும் விலை உயர்வும் உடனே தெரிந்தன. புதிய ஆம்ப்கள் பலவற்றில் வால்வு சாக்கெட்டும் நாப்களும் ஒரே அச்சுப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன; ஒரு ரெசிஸ்டரை மாற்றப் பலகை முழுவதையும் கழற்றவேண்டும். சில கம்பெனிகள் சர்க்யூட் படத்தைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டுமே தருகின்றன. வால்வு ஆம்ப் வாங்கப்போகிறவர்கள் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி வாட் எத்தனை என்பதாக இருக்கவேண்டாம். இதன் சர்க்யூட் படம் கிடைக்குமா, உள்ளூர் மெக்கானிக்கால் இதைத் திறந்து வேலை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வேறு ஆம்ப் பாருங்கள்.