பணயக் கைதி அமைச்சரான கதை

1795. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைக் கடைசியாக ஒருமுறை பங்குபோட்டு முடித்தன. ஐரோப்பிய வரைபடத்தில் அந்த நாடே இல்லை. முந்தைய ஆண்டு கோஷ்யுஸ்கோ நடத்திய கிளர்ச்சிக்கு ஆதரவாக நின்ற சார்த்தோரிஸ்கி குடும்பத்தின் நிலபுலன்களை ரஷ்யப் பேரரசி கேத்தரின் பறிமுதல் செய்தார். சொத்து திரும்ப வேண்டுமானால் பிள்ளைகள் இருவரும் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து தன்னிடம் ஊழியம் பார்க்க வேண்டும் என்றார். மூத்தவர் ஆடம் யெஜி சார்த்தோரிஸ்கிக்கு அப்போது வயது 25. பெயருக்குத்தான் அது அரண்மனை உத்தியோகம். உண்மையில் அவர் பணயக் கைதி.

அங்கே நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பேரரசியின் பேரன் அலெக்சாண்டர், பூங்காவில் உலாவியபடி, பாட்டியின் கொள்கை தனக்குப் பிடிக்கவில்லை என்றும் போலந்துக்கு நேர்ந்தது அநீதி என்றும் இவரிடம் மனம் திறந்தார். அந்தப் பேரன் 1801இல் ஜார் ஆனார். 1804இல் சார்த்தோரிஸ்கி ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சர்! தன் நாட்டை விழுங்கிய அரசைக் கொண்டே அதை மீட்டுவிடலாம் என்று அவர் நம்பினார். அதைத் துரோகம் என்று சொன்ன போலந்துக்காரர்களும் உண்டு. வில்னா பல்கலைக்கழகத்தை இருபது ஆண்டுகள் மேற்பார்த்து, ரஷ்ய ஆட்சியின் கீழேயே போலிஷ் மொழிக் கல்வியை வளர்த்தவரைத் துரோகி என்று என்னால் சொல்ல முடியாது. மகாகவி மித்ஸ்கியேவிச் படித்தது அங்கேதான்.

1815இல் வியன்னா மாநாட்டின் முடிவில் ஜாரின் தலைமையில் ஒரு சிறிய போலந்து ராஜ்யம் பிறந்தது. அதற்கான அரசியல் சட்டத்தில் சார்த்தோரிஸ்கியின் உழைப்பு இருந்தது. ஆனால் ராஜப் பிரதிநிதி பதவி வேறொருவருக்குப் போனது.

1830 நவம்பரில் வார்சாவில் இளம் அதிகாரிகள் கிளர்ந்தெழுந்தபோது, இது வெல்லாது என்றே அவர் கருதினார். ஆனாலும் ஒதுங்கி நிற்கவில்லை. 61 வயதில் தேசிய அரசுக்குத் தலைமை ஏற்றார். 1831 செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. ஜார் நிக்கோலஸின் அரசு அவருக்கு மரண தண்டனை விதித்து, சொத்துகளையும் பிடுங்கிக்கொண்டது. அதற்குள் அவர் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்.

அவருடைய மிகப் பெரிய பணி இதன் பிறகுதான் தொடங்கியது என்பது என் கருத்து. பாரிசில் அவர் வாங்கிய ஓட்டல் லம்பேர் மாளிகை, நாடில்லாத ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சகமாகவே இயங்கியது. இஸ்தான்புல்லிலும் பால்கன் நாடுகளிலும் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். அகதிகளுக்காக இஸ்தான்புல் அருகே 1842இல் அவர் உருவாக்கிய ஊர் இன்றும் இருக்கிறது. கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றதும் காலம் கனிந்துவிட்டது என்று நம்பினார். 1856 பாரிஸ் சமாதான உடன்படிக்கையிலோ போலந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 86 வயதில் விழுந்த அடி அது. அப்போதும் அவர் ஓயவில்லை.

1861 ஜூலையில், 91ஆம் வயதில், பிரான்சிலேயே காலமானார். இரண்டே ஆண்டுகளில் போலந்து மறுபடி கிளர்ந்தெழுந்தது. அதற்காக வெளிநாட்டு அரசுகளிடம் பேசும் பொறுப்பு அவருடைய மகன் விளாதிஸ்வாவிடம் வந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.