நன்னூலார் கண்ட பத்தாம் குற்றமும் பயன்பாட்டு மொழியியல் ஆய்வும்

மொழியைப் பற்றிய அறிவைக் கற்பித்தல், அகராதி ஆக்கம், மொழிபெயர்ப்பு முதலிய நடைமுறைத் தேவைகளுக்குக் கொண்டுசெலுத்தும் துறை பயன்பாட்டு மொழியியல் எனப்படும். இத்துறை ஆய்வுகளை எடைபோடத்தக்க அளவுகோல் தமிழ் மரபிலேயே உண்டு என்பதே இங்கு எண்ணத்தக்கது.

அருகநெறிச் சான்றோராகிய பவணந்தி முனிவர், சிற்றரசன் சீயகங்கன் வேண்ட இயற்றியருளிய நன்னூல் என்னும் இலக்கண நூலின் பொதுப்பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், வேண்டிய பத்து அழகுகளையும், முப்பத்திரண்டு உத்திகளையும் வகுத்துரைக்கிறது. தொல்காப்பிய மரபியலும் குற்றம் பத்தெனவே கூறும். எனினும் இரு பட்டியல்களும் முற்றும் ஒன்றல்ல. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகிய நான்கும் இரண்டிலும் இடம்பெற, சென்றுதேய்ந்திறுதல், நின்றுபயனின்மை என்னும் இரண்டும் நன்னூற் பட்டியலில் இறுதியாக நிற்கின்றன. விரிவாகத் தொடங்கிய பொருள் போகப்போக மெலிந்து முடிதல் முன்னது. சொற்கள் நிறைந்திருந்தும் அவற்றால் கொள்ளத்தக்க பயன் இல்லாதிருத்தல் பின்னது. பயனின்மையை நூற்குற்றமாகவே வைத்தெண்ணிய அம்முனிவரின் நுண்மாண் நுழைபுலம் தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்கதாகும்.

இவ்வளவுகோலைப் பயன்பாட்டு மொழியியலின் பிழையாய்வில் பொருத்திக் காணலாம். கற்போர் செய்யும் பிழைகள் அவர்தம் மனத்தில் உருவாகிவரும் மொழியொழுங்கைக் காட்டும் சான்றுகள் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் எடுத்துரைத்தபின் பிழையாய்வு பெருகிற்று. ஆயினும் ரகர றகர, லகர ளகர ழகர மயக்கங்களைப் பட்டியலிட்டு, விழுக்காடு கணக்கிட்டு, அவ்வளவில் அமையும் ஆய்வேடு நின்றுபயனின்மையாகிய பத்தாம் குற்றத்திற்கே இலக்காகிறது. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரத்துப் பிள்ளையின் பிழைக்குக் காரணம் பேச்சு வழக்கு. புணர்ச்சி விதி அறியாமையால் ஒற்றெழுத்தை விடும் பிள்ளையின் பிழைக்குக் காரணம் வேறு. ஆகவே இவ்விரண்டிற்கும் ஒரே பயிற்சி மருந்தாகாது. காரணத்தைப் பிரித்தறிந்து, அதற்கேற்ற பயிற்சியை ஒரு வகுப்பில் நடத்தி, அப்பயிற்சி பெறாத ஒத்த வகுப்போடு ஒப்பிட்டு, சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்து, பிறர் வேறு பள்ளியில் செய்துபார்க்குமாறு வினாத்தாள்களையும் தரவுகளையும் வெளியிடும் ஆய்வே தரமும் பயனும் ஒருங்குடையது.

குற்றம் நீங்கினால் மட்டும் போதாது; நன்னூல் கூறும் அழகுகளும் வேண்டும். அவற்றுள், தெளிவான எடுத்துக்காட்டு உடைமையாகிய விளங்குதாரணத்ததாதல் என்னும் அழகிற்கு, 1992-இல் வெளிவந்து, வழக்கிலுள்ள சொற்களுக்கு எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் பொருள் தந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தக்க சான்றாகும்.

ஆதலின், ஆய்வு நெறியாளர்கள், தம் மாணாக்கர் ஆய்வேட்டின் இறுதி இயலைப் பள்ளியாசிரியர் ஒருவரிடம் கொடுத்து, வகுப்பறைக்கு அது உதவுமா என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவாராக. பவணந்தியார்க்குத் தமிழுலகம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவே.