வ.உ.சி. வாங்கிய கப்பலும் வால்சந்த் கட்டிய தளமும்

"கடலே இல்லாத தங்கவயல்காரனுக்குக் கப்பல் கட்டுற கதை எதுக்குப்பா?" என்று அன்பர்கள் கேட்கலாம். நம்ம ஊர் பெமல் தொழிற்சாலையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், விசாகப்பட்டினம் கப்பல் தளத்தைத் தொடங்கிய அதே மனிதரிடம்தான் போய் நிற்போம்.

கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908இல் அவர் சிறை சென்றார். 1911இல் கம்பெனியே கலைந்தது. கப்பல் நம்முடையதாக இருந்தது; அதைக் கட்டும் தொழில் அயலாரிடம் இருந்தது.

வால்சந்த் ஹிராசந்தும் நண்பர்களும் 1919இல் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினர். அவர்களும் முதலில் வாங்கிய கப்பலைத்தான் ஓட்டினார்கள். பிறகே சொந்தத் தளம் அமைக்கத் துணிந்தார்கள். 1941 ஜூன் 21 அன்று டாக்டர் இராஜேந்திர பிரசாத் விசாகப்பட்டினத்தில் அடிக்கல் நாட்டினார். அன்று அந்த ஊர் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு வீசியதால் வேலை தடைப்பட்டது. ஆயினும் 1948 மார்ச் 14 அன்று 'ஜல உஷா' என்ற கப்பலைப் பிரதமர் நேரு நீரில் இறக்கி வைத்தார்.

கப்பல் மிதந்தாலும் கணக்கு மிதக்கவில்லை. இங்கே கட்ட ஆகும் செலவு வெளிநாட்டு விலையைவிட அதிகம். அந்த வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுத்தது. 1952இல் மூன்றில் இரண்டு பங்கையும், 1961இல் முழுவதையும் ஏற்றது. வணிகக் கப்பலுக்குப் பிறந்த அத்தளம் 2010இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தது. 2021இல் கடற்படையில் சேர்ந்த 'துருவ்' அங்கே கட்டியதுதான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். அதே வால்சந்த் 1940இல் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். அதன் ரயில் பெட்டிப் பிரிவைப் பெற்றுக்கொண்டுதான் பெமல் தன் தொழிலை ஆரம்பித்தது. பிறகு தங்கவயலில் மண்வாரி இயந்திரங்கள் செய்யத் தொடங்கியது.

நம் சுரங்கத்தையும் அரசு ஏற்று நடத்தியதுதான். ஆனாலும் 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். பூமிக்குள் தங்கம் குறைந்தபோது, அத்தனை ஆயிரம் பேரின் கைவேலையை வேறு உற்பத்திக்குத் திருப்பும் முயற்சி போதவில்லை. விசாகையில் வணிகக் கப்பலுக்குப் பழகிய கைகளுக்குப் போர்க்கப்பல் வேலை வந்தது. இங்கே நம்ம பிள்ளைகள் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு ஓடறாங்க.

ஆகவே தங்கவயலுக்கு மறுவாழ்வு கேட்டு மனு எழுதும்போது, சுரங்கத்தைத் திறங்கள் என்று மட்டும் எழுதாமல், எந்தப் பொருளை இங்கே செய்யலாம், அதை யார் வாங்குவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவோம். விசாகைத் தளத்தைக் காப்பாற்றியது அந்தக் கணக்குத்தான் என்பது என் துணிபு.