கட்டியா, கட்டா?

1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு கடை திறந்தபோது பலகையில் எழுதியது ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’. பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்துக் கடைகளுக்கு ‘விலாஸ்’ என்று முடிவது ஒரு மரியாதை. புகையிலையில்கூட இதே ஊருக்கு ஒரு அங்குவிலாஸ் உண்டு. ஆனால் ஆனந்த விலாஸ் என்ற பெயர் சாப்பிட வந்தவர்கள் வாயில் ஒட்டவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது முதலாளியின் தலைப்பாகை. கடைக்குப் பெயர் ‘தலப்பாக்கட்டி’ ஆயிற்று.

எழுதிவைத்த பெயரும் ஊர் வைத்த பெயரும் மோதி ஊர் ஜெயித்த கதைகள் நிறைய உண்டு. இந்தக் கதையில் ஜெயித்த சொல்லின் உடலமைப்பே சுவையானது என்பதால், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் தோற்ற சொல். விலாசம் வடமொழியில் அழகு, களிப்பு, விளையாட்டு என்ற பொருள்களில் வழங்குவது. தமிழுக்கு வந்ததும் அது முகவரி ஆகிவிட்டது. ‘உங்க விலாசம் சொல்லுங்க’ என்று இன்றும் பெரியவர்கள் கேட்பார்கள். நகரத்தார் வணிகத்தில் இதற்கு இன்னும் நுட்பமான ஒரு பொருள் இருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஒவ்வொரு குடும்ப நிறுவனத்தையும் சில தலைப்பெழுத்துகளால் குறித்தார்கள். அந்த எழுத்துத் தொடருக்குப் பெயர் விலாசம். இன்று பிராண்டு என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். ஆக, ஆனந்த விலாஸ் என்பது பலகைக்கும் ரசீதுக்கும் ஏற்ற பெயர். பசியோடு வருகிறவனுக்கு அது தேவைப்படவில்லை.

தலைப்பாகையில் ‘தலை’ நம்முடையது. ‘பாகை’ பல மொழிகளில் உலவும் சொல். தெலுங்கில் தலபாக, இந்தியில் பகடி, மராட்டியில் பாகோட்டே என்று அதன் உறவுகள் விரிகின்றன. தலையில் துணி சுற்றுவதற்குத் தமிழில் வேறு சொற்களும் உண்டு. முண்டாசு மராட்டி வரவு. உருமால் பாரசீக ரூமால். முகம் துடைக்கும் துணி என்று பொருள்பட்ட அது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைக்கு ஏறிவிட்டது. பரிவட்டம் கோயில் மரியாதைக்கு உரியது, அதைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுக்க முடியாது. நாகல் நகரில் சௌராஷ்டிரமும் பேகம்பூரில் உருதுவும் சுற்றுப்புறத்தில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு புழங்கும் ஊரில், எல்லோருக்கும் பாதியாவது காதில் பழகிய சொல்லாகத் தலைப்பாகை அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். பேச்சில் ஐகாரம் குறுகித் ‘தலை’ ‘தல’ ஆனது. கடைசிக் ‘கை’ உதிர்ந்து ‘தலப்பா’ ஆனது.

இனி ‘கட்டி’. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, சுமையைத் தாங்குவது சுமைதாங்கி, நாடுவிட்டு நாடு ஓடுகிறவன் நாடோடி. வினையின் கடைசியில் நிற்கும் இகர விகுதி, அந்த வேலையைச் செய்கிறவரையோ செய்கிற பொருளையோ சுட்டும். தலப்பாக்கட்டி என்றால் தலைப்பா கட்டியவர்: ஓர் ஆள். ஊரெங்கும் பலகைகளில் தென்படும் ‘தலப்பாக்கட்டு’ அப்படியில்லை. கட்டு என்பது கட்டும் செயல், அல்லது கட்டப்பட்ட பொருள். கட்டு துணியோடு நின்றுவிடும். கட்டிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் வைத்த வாடிக்கையாளர்கள் யாரும் நன்னூல் பார்த்துப் பெயர் வைக்கவில்லை என்றாலும், இலக்கணம் அவர்கள் நாக்கில் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

பின்னாளில் நிறுவனமே ‘தலப்பாக்கட்டி ஹோட்டல்ஸ்’ ஆனது. ஊர் வைத்த பட்டப்பெயரை முதலாளி வீட்டார் பலகைக்கு ஏற்றினார்கள். என் கணக்கில் இந்த ஊரில் நடந்த மக்கள் தொடர்பு வேலைகளில் இதுவே உயர்ந்தது, அதைச் செய்ய ஒரு பி.ஆர்.ஓ.வும் தேவைப்படவில்லை. அப்புறம் பெயருக்கு மதிப்பு கூடவே, அதை யார் யார் வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வாயில் பிறந்த பெயர் வழக்குக் கட்டுக்குள் போய் உட்கார்ந்தது.

பி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்தைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுவந்தது சினிமா. 1958இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பு வேலை பார்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத் தமிழ்த் திரையின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில் தொடங்கிய வேலை அது. அரசாங்கத்தில் இதே வேலைக்கு நீளமான பெயர்: மாவட்டம்தோறும் ஒரு ‘செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்’. திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒருவர் உண்டு.

இதில் ‘தொடர்பு’ பழைய சொல். திருக்குறளின் நட்பு அதிகாரத்தில் அது நல்லவர்களின் நெருக்கத்தைக் குறிக்கிறது. அலுவலகத் தமிழுக்கு வந்தபிறகு அந்தச் சூடு ஆறிப்போய், செய்திக்குறிப்பு அனுப்புவதும் பத்திரிகையாளர் சந்திப்புக்கு நாற்காலி போடுவதும் தொடர்பு ஆயின. பேச்சு ஒரு பக்கமிருந்து மட்டும் போகும். பதில் வந்தால் ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதியில் வரும். சமூக ஊடகம் வந்ததும் அதே வேர் இன்னொரு உருவில் எழுந்தது. மக்களை நாம் தொடர்வது போய், மக்கள் நம்மைப் ‘பின்தொடர்’கிறார்கள். பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் விலகியும் விடுகிறார்கள். பத்திரிகைக்கு நாலு மணிக்குள் குறிப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன பி.ஆர்.ஓ.வுக்கு, இரவு பதினொரு மணிக்கு ‘பிரியாணியில பீஸே இல்ல’ என்று படத்தோடு வரும் புகாருக்குப் பதில் எழுதும் வேலை புதிதாகச் சேர்ந்தது. பதவிக்கும் இப்போது பேச்சுவழக்கில் வேறு பெயர்: ‘அட்மின்’.

அட்மினின் முதல் தலைவலி எழுத்துக்கூட்டல். தலப்பாக்கட்டியை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர் ‘பி’ ஒன்று போடுவாரா இரண்டா, கடைசியில் ‘டி’ ஒன்றா இரண்டா, முடிவு ‘இ’யா ‘உ’வா என்று யாருக்கும் தெரியாது. தமிழிலேயே தட்டினாலும் தலைப்பா, தலப்பா, தலபா என்று மூன்று உண்டு. அச்சுக்காலத்தில் பலகையில் இருப்பதுதான் பெயர். தேடுபொறியில் தேடுகிறவர் தட்டுவதுதான் பெயர். ஹேஷ்டேக்கில் ஓரெழுத்து மாறினால் கூட்டம் வேறு பக்கம் போய்விடும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தாங்கள் விரும்பும் எழுத்துக்கூட்டலை ஊருக்குக் கற்பிப்பதை விட்டுவிட்டு, ஊர் எப்படியெல்லாம் பிழையாக எழுதுகிறது என்று பட்டியல் போட வேண்டியிருக்கிறது. வட்டார வழக்கு அகராதிக்காரர் செய்கிற வேலை இது, சம்பளம்தான் கூடுதல்.

கூட்டம் வைத்த பெயரைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு, வேறொரு ‘தல’யைப் பார்க்கலாம். 2021 டிசம்பர் 1 அன்று நடிகர் அஜித்குமார், தன்னைத் தல என்று அழைக்க வேண்டாம், அஜித் என்றோ அஜித்குமார் என்றோ ஏ.கே. என்றோ குறிப்பிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அறிக்கை வெளியானது அவருடைய மேலாளர் சுரேஷ் சந்திராவின் ட்விட்டர் கணக்கில். செய்தியாளர்கள் அங்கிருந்துதான் எடுத்து எழுதினார்கள். 1958இல் ஸ்டில்லைச் சுமந்துபோன வேலை, ஒரு பதிவைப் போட்டுவிட்டுச் செய்தித்தாள்களை வரவழைக்கிற வேலையாக மாறியிருந்தது. ஆனால் பெயர் போனதா? 2024 டிசம்பரில் இன்னோர் அறிக்கை வந்தது, இந்தமுறை ‘கடவுளே அஜித்தே’ என்ற கோஷத்தை நிறுத்தச் சொல்லி. நாயுடுவின் வீட்டார் ஊர் வைத்த பெயரோடு போனார்கள், அஜித் எதிர்த்து நின்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பெயர்களுக்கு அது கேட்பதில்லை.

இந்த இடத்தில் ‘விளம்பரம்’ என்ற சொல்லையும் தொட வேண்டும். விளம்புதல் என்றால் சொல்லுதல், பலரறியச் செய்தல். நாஞ்சில் நாட்டிலும் மலையாளத்திலும் அதற்கு இன்னொரு பொருள்: இலையில் சோறு பரிமாறுதல். சாப்பாட்டுக் கடை விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ஊர்களில் பலரறியச் செய்தது நெடுங்காலம் தண்டோரா. சொல் வடக்கிலிருந்து வந்தது. அடித்தவர்கள் யார், எந்தக் கட்டாயத்தில் அடித்தார்கள் என்பது ஊரறியும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, தண்டோராவை நிறுத்திவிட்டு வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். ஆட்சியர்களின் சமூக ஊடகக் கணக்குகள் அதற்குள் மாவட்டம்தோறும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்தில் பறையும் பதிவும் அடுத்தடுத்து ஒலித்திருக்கின்றன.

கைபேசியோடு வந்து பிரியாணியைப் படம் பிடித்துப் புகழும் ரீல்ஸ்காரர்கள் இன்றைய தண்டோரா. காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021இல் விதி போட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. நம் ரீல்ஸ்களில் இதற்கு வரும் சொல் ‘கொலாப்’. ‘பெய்ட் பார்ட்னர்ஷிப்’ என்றும் மூலையில் சின்னதாக வரும். ‘இது விளம்பரம்’ என்று தமிழில் எழுத மட்டும் கை வருவதில்லை. பாட்டிக்குக்கூடப் புரிந்துவிடும் என்பதுதான் அந்தச் சொல்லின் குற்றம் போலும். கொலாப் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஏதோ கலைப்படைப்பு செய்த மாதிரி இருக்கிறது. மக்கள் தொடர்புத் தொழில் சமூக ஊடகத்துக்குப் பழகிக்கொண்ட விதத்தில் எனக்குக் கசப்பது இந்த ஒன்றுதான். மற்றபடி, அட்டவணைப்படி பேசுவதை விட்டு வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லைக் கேட்கத் தொடங்கியது நல்ல மாற்றம்.

திண்டுக்கல்லின் இன்னொரு சரக்குக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரைச் சட்டம் காத்துக்கொடுத்துவிட்டது, ஆனால் அதில் ஆள் யாரும் இல்லை. ‘திண்டுக்கல் பூட்டு’ என்பது ஒரு முகவரி, பழைய பொருளில் ஒரு விலாசம். பிரியாணிப் பலகைகளிலோ ‘திண்டுக்கல்’ முன்னொட்டாக மாநிலம் முழுதும் நெடுஞ்சாலைகளில் தொங்குகிறது. அவற்றில் எத்தனை கடைக்காரர்கள் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பார்களோ. பூட்டுக்காக யாராவது ஒரு கணக்குத் தொடங்கி நடத்த வந்தால், குறியீட்டுச் சான்றிதழைப் படமெடுத்துப் போடுவதை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவைக்கட்டும். முதலில் பட்டறைக்குப் போய், பூட்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர்களை எழுதிக்கொண்டு வரட்டும். மாங்காய்ப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது.