கடனீரேரியின் இரு கரைகள்: ஒல்லாந்தர் காலத்துப் புத்தளக் கரையோரத் திருமணங்கள்

திருமணத்தை யார் நடத்திவைப்பது என்பது இன்று பெரும்பாலும் குடும்பத்தாரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒல்லாந்தர் காலத்துக் கற்பிட்டிக் கத்தோலிக்கருக்கோ, பிறக்கும் பிள்ளைக்கு முதுசம் சேருமா என்ற வினாவும் அதனுள் அடங்கியிருந்தது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தபின், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்போர் மரண தண்டனைக்குரியவர் என ஒல்லாந்தர் கட்டளையிட்டனர். கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டை எழுந்தது. அவர்தம் ஆட்சிப் பரப்பில், சீர்திருத்தத் திருச்சபை முறைப்படி நடந்த திருமணமே சட்டத்தின் முன் செல்லுபடியாயிற்று. அத்திருச்சபைப் போதகர் தொகையில் மிகச் சிலராதலின், ஊர்தோறும் நிலைத்திருந்தவர் பாடசாலை உபாத்தியாயரே. திருமுழுக்கையும் திருமணத்தையும் பாடசாலைத் தோம்பில் பதிந்தவரும் அவரே. ஊரவரான அவர், தம் அயலார் எக்குருவை நாடினர் என்பதை அறியாதிருந்திருப்பாரா?

கடனீரேரிக்கு அப்பாலுள்ள புத்தளமோ கண்டி மன்னனின் துறைமுகம். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இலங்கை சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார், யாழ்ப்பாணத்தில் கெடுபிடி மிகவே, 1690இல் புத்தளத்துக்கு வந்தார். (1692இல் கண்டியில் அவரும் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார் என்பதையும் மறத்தலாகாது.) குரு வரும்வரை ஊர்களில் வழிபாட்டை நடத்த அண்ணாவியாரும் மூப்பரும் நியமிக்கப்பட்டனர். ஆயினும் திருமணத்தை ஆசீர்வதிக்கக் குருவே வேண்டும். ஆதலால் சட்டத்திற்கென ஒரு சடங்கும், மனச்சாட்சிக்கென மற்றொரு சடங்குமாக இருமுறை மணம்புரிவது கத்தோலிக்கரிடையே வழக்கமாயிற்று. இதனை வெறும் கபடமெனக் கொள்வது பொருந்தாது. தோம்பில் பெயரில்லாத தாயின் பிள்ளை முறைகேடாய்ப் பிறந்ததாகக் கருதப்பட்ட காலம் அது.

இங்கு வரலாற்று மாணவர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். உபாத்தியாயரின் ஏடு எஞ்சியது. மறைவில் வந்துபோன குருவின் செயலுக்குச் சான்று அருகியே கிடைக்கிறது. தோம்பை மட்டும் நம்புவோர், கரையோரம் முழுவதும் சீர்திருத்த சமயம் தழைத்ததென முடிவு செய்வர். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் சுதேச மக்களிடையே அச்சமயம் விரைந்து கரைந்தமை அம்முடிவை மறுக்கின்றது.

1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாகவே, புத்தளமும் கண்டியின் நிழலை இழந்தது. எனினும் அக்காலத்தில் குருமார்மீதான கெடுபிடி முன்னளவு கடுமையாக இருக்கவில்லை. சட்டத்தின் தளை அறுந்தது 1806இலேயே. தேசாதிபதி மெயிற்லண்ட் அவ்வாண்டு பிறப்பித்த பிரமாணம் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கியதோடு, அவர்தம் முறைப்படி நடந்த திருமணங்களையும் ஏற்றது. ஆனால் அவ்வேற்பு 1795 ஆகஸ்ட் 26இலிருந்து நடந்தவற்றுக்கே உரியது. அதற்கு முன் குருவானவரிடம் மட்டும் சென்று மணந்தோரை அப்பிரமாணத்தின் வாசகம் தொடவில்லை.