வழுக்கலின் விலை

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் "கன்வெர்ட்டர் ஸ்லிப் ஆகுது" என்று சொன்னால் அதில் ஒரு பயம் இருக்கும். ஏதோ கெட்டுப்போச்சு, பெரிய செலவு காத்திருக்கு என்ற பயம். ஆனால் டார்க் கன்வெர்ட்டரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்டது வேறு. வழுக்கல் அதற்குப் பின்னால் வந்த நோய் இல்லை, கூடவே பிறந்த குணம்.

அது பிறந்ததும் காருக்காக இல்லை, கப்பலுக்காக. அன்றைய ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர், 1905-ல் இதற்குக் காப்புரிமை பதிந்தார். நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே பற்சக்கரத்துக்குப் பதிலாக அவர் திரவத்தை வைத்தார்.

ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வையுங்கள், காற்று பட்டு அதுவும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். இன்ஜின் பக்கச் சக்கரம் வீசுகிற எண்ணெய், கியர் பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிடும். அதனால் வண்டி கிளம்பும்போது முறுக்குவிசை சுமார் இரண்டு மடங்காகிறது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் எண்ணெய் பாயாது, விசையும் கடக்காது. ஆக, கொஞ்சமாவது வழுக்கியே ஆகணும். சிக்னலில் கியரில் நிற்கும் கார் அணையாமல் இருப்பதும் இதனால்தான்.

ஆனால் வழுக்குகிற ஒவ்வொரு சுற்றும் எண்ணெயைச் சூடாக்கும், பெட்ரோலைக் குடிக்கும். 1948-ல் வந்த ப்யூக் டைனாஃப்ளோ, சாதாரண ஓட்டத்தில் கியரே மாறாமல் கன்வெர்ட்டரை மட்டும் நம்பியது. பயணம் வெண்ணெய் மாதிரி, செலவும் அப்படியே! அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாக இருந்த காலம், வாங்கியவர்கள் கண்டுகொள்ளவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த வருஷம்தான். 1949-ல் பேக்கார்ட் நிறுவனம் தன் அல்ட்ராமேட்டிக்கில், வேகம் பிடித்ததும் இரண்டு சக்கரத்தையும் இறுகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச்சை வைத்தது. வழுக்கல் அங்கேயே நின்றது. தீர்வு கையில் இருந்தும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அதைச் சீண்டவில்லை. கூடுதல் பாகம், கூடுதல் செலவு, கேட்க ஆளில்லை.

1973-ல் எண்ணெய்த் தடை வந்தது. 1975-ல் அமெரிக்க அரசு மைலேஜ் சட்டம் போட்டது. 1978 மாடல்களிலிருந்து அது அமலானது. அதே 1978-ல்தான் கிரைஸ்லர் தன் டார்க்ஃப்ளைட்டில் லாக்-அப் வைத்தது, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம்! பொறியியலில் இடைவெளி இல்லைங்க. வழுக்கலுக்கு விலைச்சீட்டு ஒட்ட ஆள் வரும்வரை, அதை எல்லோரும் சொகுசு என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.